மூன்றாம் மாடி நாற்காலிகள்

எக்ஸ்சேஞ்ச் அக்கா ஒவ்வொரு நாற்காலியாகத் தட்டிக்கொண்டு வருவார். பலமாக அல்ல, தூங்குகிற குழந்தையின் முதுகில் தட்டுவதுபோல, சாய்மானத்தில் இரண்டே தட்டு. பிரம்பு நாற்காலி, பிளாஸ்டிக் நாற்காலி, கை உடைந்து பழைய துணி சுற்றிய நாற்காலி என்று மூன்றாம் மாடி வராண்டாவில் வாசலுக்கு ஒன்றாக வரிசையாக நிற்கும். விடிந்ததும் பல் தேய்த்த கையோடு அவருக்கு இந்த வேலைதான். டீகூட அப்புறம்தான். ஏதாவது ஒரு வாசலில் நாற்காலி இல்லையென்றால் நின்றுவிடுவார். கதவில் காதை வைப்பார். அக்கம்பக்கம் பார்த்து நாசூக்காக வைப்பது அவர் சுபாவத்திலேயே கிடையாது. கன்னம் நன்றாகப் பதியும்படி ஒட்டிக்கொண்டு நிற்பார். பிறகு விரல் முட்டியால் தட்டி, "லைன்ல இருக்கீங்களா?" என்பார்.

"இருக்கேன், இருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். குளியலறையிலிருந்து வரும், அடுப்படியிலிருந்து வரும், சில நாள் போர்வைக்குள்ளிருந்தும் வரும். இருந்தால் நாற்காலியை வெளியே போட வேண்டியதுதானே, நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன் என்று ஒரு கடி கடித்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார். காய்ச்சலா, சாப்பிட்டாயா, ராத்திரி தூங்கினாயா என்கிற விசாரிப்பெல்லாம் அவரிடம் கிடையாது. ஆள் இருக்கிறாரா, இல்லையா. அவ்வளவுதான் அவருக்குத் தெரிய வேண்டிய சமாச்சாரம்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு ஆயுசு உட்கார்ந்திருந்தவர். இந்த ஊர்க்காரனை அந்த ஊர்க்காரியோடு சேர்த்துவைத்து, நடுவில் "பேசுறீங்களா, முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டுக் கேட்டே தலை நரைத்துவிட்டது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று யாராவது வாயைக் கிளறினால், "எத்தனை புருஷன் பொண்டாட்டி சண்டையைக் காதால கேட்டிருக்கேன் தெரியுமா? அதுக்கப்புறமும் பண்ணிக்கணுமா?" என்பார். வலது காது மந்தம். ஹெட்போன் பண்ணின வேலை. அதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். எதிராளிக்குத்தான் சரியாகப் பேச வரவில்லை என்பது அவருடைய தீர்மானம்.

அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "அவங்க வயசைக் குறைச்சுக்கறாங்க, நமக்கென்ன நஷ்டம்?" என்று விட்டுவிட்டார். பேச்சை ஆரம்பிக்கும்போது "ம், சொல்லுங்க" என்பார். முடிக்கும்போது ஒன்றும் சொல்ல மாட்டார். பாதி வாக்கியத்தில் நம்மை நிறுத்திவிட்டு நடையைக் கட்டிவிடுவார். டீயை நின்றுகொண்டேதான் குடிப்பார். உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போன உடம்பாம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாளைப் போட்டு, கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டு, கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்ப்பார். உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் ஒரு இழுப்பு. "தனிப் பொம்பளை வீடு. காத்துகூட என்னைக் கேட்டுட்டுத்தான் உள்ள வரணும்" என்பார். ஒரு தடவை, மீட்டர் பார்க்க வந்தேன் என்று ஒருத்தன் அதே மாடியில் இருக்கிற டீச்சரம்மா வீட்டுக்குள் புகுந்து, கண்ணெதிரிலேயே கைப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து மாடி முழுக்கத் தாழ்ப்பாள் பிரசாரம். தச்சரை வரவழைத்து, வீட்டுக்கு வீடு இரண்டாவது தாழ்ப்பாள் அடித்து முடித்தபிறகுதான் ஓய்ந்தார்.

இந்த மாடியில் மட்டும் இத்தனை வயசாளிகள் எப்படிச் சேர்ந்தார்கள் என்று கேட்டால் அது ஒரு கூத்து. அரசாங்க ஊழியர்களுக்கென்று கட்டிய குடியிருப்பு. சர்வீஸில் மூத்தவர்கள் முதலில் வந்து வீட்டைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். அத்தனை பேரும் மூன்றாம் மாடிக்கு அடித்துக்கொண்டார்கள். நல்ல காற்று, தலைக்கு மேல் இன்னொருத்தர் காலடிச் சத்தம் கிடையாது, ஏறி இறங்க லிஃப்ட் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? கிடைக்காதவர்கள் கீழே உட்கார்ந்து வயிறெரிந்தார்கள். கீழ் வீடுகள் பிறகு கைமாறிக் கைமாறி, கைக்குழந்தையும் ஸ்கூட்டருமாகப் புதுக் குடித்தனங்கள் வந்துவிட்டன. மேலே போனவர்கள் மேலேயே கிழடாகிப்போனார்கள். கூடவே லிஃப்டும் கிழடாகிப்போனது.

நாற்காலி ஏற்பாடு ஒரு சாவிலிருந்து வந்தது. கோடி வீட்டில் தையல்கார அம்மா ஒருவர் இருந்தார், ஒண்டியாக. கொஞ்ச நாளாகக் கண்ணில் படவில்லை. மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள். அவரும் அப்படி அடிக்கடி போகிறவர்தான். வாடை வந்தபிறகுதான் கதவை உடைத்தார்கள். எக்ஸ்சேஞ்ச் அக்கா தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தான் மாடிப்படிக்குப் போய் வந்துகொண்டிருந்தார். ஊரில் எவனெவனோ செத்த செய்தியையெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்த மனுஷிக்கு, நாலு வாசல் தள்ளி நடந்தது தெரியவில்லை. அது அவரைப் போட்டு அரித்தது.

மறு வாரமே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டார். காலையில் எழுந்ததும் ஒரு நாற்காலியை வாசலில் போடுங்கள். ராத்திரி படுக்கப் போகும்போது உள்ளே எடுத்துவிடுங்கள். நான் ஒரு நடை வந்து பார்த்துக்கொள்கிறேன். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று டீச்சரம்மாவே கேலி செய்தார். ஆனால் ஒவ்வொருத்தராகப் போட்டார்கள். போட்ட நாற்காலியில் சும்மா உட்கார்ந்தும் பார்த்தார்கள். வராண்டா ஒரு தெருவாகிவிட்டது. கீரை ஆய்வது, பேப்பர் படிப்பது, மருமகளைப் பற்றி மெல்லிய குரலில் பேசுவது, எல்லாம் அங்கேதான். நாற்காலி வெளியே இருந்தால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம்; யாரும் யாரையும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை.

லிஃப்ட் ஒரேயடியாக நின்றுபோனபிறகு அந்த வராண்டாவை விட்டால் அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. லிஃப்ட் கதவில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டார்கள். அட்டை பழுப்பேறிச் சுருண்டுகொண்டது. புது லிஃப்ட் போடலாமா என்று முடிவு செய்யச் சங்கக் கூட்டம் கூட்டினார்கள். எங்கே? கீழே, வண்டி நிறுத்துகிற இடத்தில். மேலே இருக்கிறவர்களில் எத்தனை பேரால் இறங்க முடியும்? எக்ஸ்சேஞ்ச் அக்கா ஒருத்தர்தான் கைப்பிடிச் சுவரைப் பிடித்து, படிக்குப் படி நின்று இறங்கிப் போனார். மூன்றாம் மாடி மொத்தத்துக்கும் தன் ஓட்டு என்று கையைத் தூக்கினார்.

செக்ரட்டரி நல்ல பையன். யாரையும் எடுத்தெறிந்து பேசத் தெரியாதவன். "வந்தவங்க ஓட்டைத்தாம்மா எண்ண முடியும்" என்றான், நிஜமான வருத்தத்தோடு.

"வர முடிஞ்சா லிஃப்ட் எதுக்குத் தம்பி?"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. நல்ல சிரிப்புதான், யாரும் அவரை மட்டம் தட்டவில்லை. ஒரு பெண் எழுந்து அவருக்குத் தன் நாற்காலியைக்கூடக் கொடுத்தாள். பிறகு கைகள் உயர்ந்தன. லிஃப்ட் இப்போதைக்கு வேண்டாம் என்று தீர்மானம் ஆயிற்று. அக்கா மேலே ஏறி வந்து, ம், சொல்லுங்க என்று காத்திருந்தவர்களிடம் எதுவும் சொல்லாமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

அதே செக்ரட்டரிதான் கொஞ்ச நாள் கழித்து மூச்சு வாங்க மேலே வந்தான். காலையில் நாற்காலியை இழுக்கிற சத்தம் கீழ் வீட்டில் கேட்கிறது, கைக்குழந்தை பதறி எழுந்துகொள்கிறது, கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்களேன் என்றான். நியாயமான பேச்சு. அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு ராத்திரித் தூக்கமே அதிகாலையில்தான் என்று அக்காவுக்கும் தெரியும். சரி, சொல்கிறேன் என்றார். வந்த செய்தியைச் சேர வேண்டிய இடத்தில் சேர்ப்பது அவருக்குக் கைவந்த வேலை. யார் நாற்காலி என்று யோசிக்கவும் தேவையில்லை. கம்பவுண்டருடையதுதான்.

கம்பவுண்டர் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்தவர். மனைவி போனபின் தனியாள். ஒரு மகள் வெளியூரில்; ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவாள். எதற்கெடுத்தாலும் "மன்னிக்கணும்" என்பார். கதவைத் திறக்கும்போது மன்னிக்கணும், வழிவிடும்போது மன்னிக்கணும், தும்மினால்கூட மன்னிக்கணும். "நீங்க என்ன கொலையா பண்ணிட்டீங்க கம்பவுண்டரே?" என்று அக்கா எரிந்து விழுவார். அதற்கும் ஒரு மன்னிக்கணும் வரும். இரண்டு கைகளும் நடுங்க ஆரம்பித்துவிட்டன. நாற்காலியோ, ஆஸ்பத்திரியில் பழைய சாமான்களைக் கழித்தபோது ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தது. டாக்டர் உட்கார்ந்த நாற்காலி. தேக்கு. இரண்டு ஆள் தூக்க வேண்டிய கனம்.

"கம்பவுண்டரே, உங்க நாற்காலிதான் ஊரையே எழுப்புதாம். இழுக்காதீங்க. தூக்கிப் போடுங்க" என்றார் அக்கா, போகிறபோக்கில்.

"மன்னிக்கணும்" என்றார் கம்பவுண்டர்.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. காலையில் அக்கா போகும்போது டாக்டர் நாற்காலி ஜம்மென்று வாசலில் நிற்கும். பரவாயில்லையே, மனுஷருக்கு இன்னும் தெம்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போவார்.

பிறகு அந்த மழை வந்தது. விடாத மழை. சாரல் வராண்டாவுக்குள் பாதி தூரம் அடித்தது. நாற்காலிகளைச் சுவரோரமாக ஒட்டிப் போட்டுவிட்டு எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தார்கள். அக்கா மட்டும் தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தார். கம்பவுண்டர் வாசலில் நாற்காலி இருந்தது, அதன் மேல் பேப்பர்க்காரன் வீசிய பேப்பர் இருந்தது. தட்டினார். கை ஈரமாயிற்று. மழையில் இதை இப்படி நனைய விட்டிருக்கிறாரே, நல்ல தேக்கு வீணாகப் போகிறதே என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். காதை வைத்துக் கேட்கத் தோன்றவில்லை. நாற்காலிதான் இருக்கிறதே.

மறுநாள் காலையிலும் இருந்தது. தட்டிவிட்டுத் தாண்டிப் போய்விட்டார். டீச்சரம்மா வாசல் வரைக்கும் போனபிறகுதான் ஏதோ உறுத்தியது. திரும்பி வந்தார். நாற்காலியில் நேற்றைய பேப்பர் ஊறிக் கூழாகிக் கிடந்தது. அதன் மேல் இன்றைய பேப்பர். கதவில் இடது காதை வைத்தார். மழைச் சத்தத்தில் ஒரு எழவும் கேட்கவில்லை. "லைன்ல இருக்கீங்களா?" என்றார். உள்ளங்கையால் கதவை அறைந்து மறுபடியும் கேட்டார். அப்புறம் மாடிப்படி வளைவில் நின்று, கீழே பார்த்து அவர் போட்ட கூச்சலில் குடியிருப்பு முழுக்கக் கதவு திறந்தது.

எல்லோரும் ஓடிவந்தார்கள். செக்ரட்டரி தோளைக் கொடுத்து இடித்தான். கதவு அசையவில்லை. மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள், இரண்டும் கெட்டி இரும்பு. தச்சருக்கு ஆள் போயிற்று. அவர் மழையில் வந்து சேர்ந்து, கடப்பாரையால் நெம்பி நெம்பி வியர்த்துப்போய், "இத்தனை தாழ்ப்பாளை யாருங்க போடச் சொன்னது?" என்று சலித்துக்கொண்டார். அடித்துக் கொடுத்ததே தான்தான் என்பது அந்த மனுஷருக்கு நினைவில்லை. அக்காவுக்கு நினைவிருந்தது. அவர் பக்கத்திலேயேதான் நின்றார்.

கம்பவுண்டர் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. உயிர் இருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்தார்கள். வராண்டாவில் நாற்காலிகள் இடித்தன, ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி வந்தார்கள். மாடிப்படி வளைவில் ஸ்ட்ரெச்சர் திரும்பவே இல்லை. கடைசியில் டாக்டர் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, துணியால் கட்டி, நாலு பேராகத் தூக்கி இறக்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் அவர் முனகினார். அந்த நிலையிலும் தூக்குகிறவர்களிடம் மன்னிக்கணும் என்றுதான் சொன்னார் என்று பிறகு செக்ரட்டரி சொல்லி அழுதான்.

ஆஸ்பத்திரிக்கு அக்கா போனார். இறங்கி ஏறினால் முட்டி இரண்டு நாளைக்கு மடங்காது, இருந்தாலும் போனார். மகள் வந்து சேர்ந்து, டாக்டரைப் பார்க்கப் போயிருந்தாள். கம்பவுண்டர் சின்னதாகிப் போய்ப் படுக்கையில் கிடந்தார். அக்கா கட்டிலை ஒட்டிக் குனிந்து, நல்ல காதை அவர் வாயருகே கொண்டுபோனார்.

"தட்டுற சத்தம் கேட்டுச்சுக்கா" என்றார் அவர். "ரெண்டு நாளும் கேட்டுச்சு. கூப்பிட்டேன். தொண்டையில சத்தமே வரல."

அப்படியானால் நாற்காலியை வெளியே போட்டது யார் என்று அக்கா கேட்டார். அதைத்தான் அவரால் புரிந்துகொள்ள முடியவில்லை. விழுந்து கிடக்கிற மனுஷன் எப்படி எழுந்துவந்து நாற்காலி போட முடியும்?

"அது ராத்திரியெல்லாம் வெளியதான்கா கிடக்கும். ரொம்ப நாளாவே. இழுத்தாக் குழந்தை முழிச்சுக்கும், தூக்கறதுக்குக் கையில வலுவில்ல. எதுக்கு வம்புன்னு அங்கயே விட்டுட்டேன். தப்பு என்னுதுதான். மன்னிக்கணும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? நான் வந்து தூக்கிப் போட்டிருக்க மாட்டேனா?"

"உங்களுக்கு முட்டி வலின்னு சொன்னீங்களேக்கா."

அந்த வாரம் தாண்டவில்லை கம்பவுண்டர். இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னதாக மகள் சொன்னாள். யார் மேலும் குறையாகச் சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள். எக்ஸ்சேஞ்ச் அக்கா மாடி ஏறி வந்தார். அன்றிலிருந்து அவர் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். எத்தனை காலைகளாக ஆள் போட்ட நாற்காலி என்று நம்பிக்கொண்டு வெறும் கட்டையைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறேன். இழுக்காதீங்க என்று சொன்னதும் நான்தான், ரெண்டு தாழ்ப்பாள் போடுங்க என்று சொன்னதும் நான்தான். டீச்சரம்மா எவ்வளவோ சமாதானம் சொல்லிப் பார்த்தார். அக்கா பாதியிலேயே எழுந்து போய்விட்டார். எப்போதும் அப்படிப் போகிறவர்தான் என்றாலும், இந்தத் தடவை டீச்சரம்மாவுக்கு அது பழைய பழக்கமாகத் தெரியவில்லை.

கீழே இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். மேலே இருந்தவர்கள் வராண்டாக் கட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்; தலைகள் தெரிந்தன, பேச்சு கேட்கவில்லை. பிறகு செக்ரட்டரி மேலே வந்தான். தூங்காத முகமாக இருந்தான். ஸ்ட்ரெச்சர் வருவதற்கு இடமில்லாமல் போனதைக் கண்ணால் பார்த்தவன். வராண்டாவில் இனிமேல் எந்தச் சாமானும் வைக்கக் கூடாது என்று கூட்டத்தில் முடிவாகியிருந்தது.

"உங்க நல்லதுக்குத்தாம்மா" என்றான்.

"லிஃப்ட்?"

"அடுத்த கூட்டத்துல பேசுவோம்."

"அந்தக் கூட்டத்தை இங்க வைங்க தம்பி. இந்த வராண்டாவுல. நாங்க எல்லாரும் ஓட்டுப் போடறோம்."

அவன் வராண்டாவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தான். இத்தனை பேர் இங்கே எப்படி நிற்பார்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். அவன் கேட்டதும் சரிதான். கீழே இருக்கிறவர்கள் கேட்டது ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. யார் கழுத்தைப் பிடித்து நியாயம் கேட்பது? பழைய எக்ஸ்சேஞ்ச் அக்காவாக இருந்தால் அதையும் ஒரு கை பார்த்திருப்பார். இப்போது நாற்காலிக்காகச் சண்டை போட அவருக்கே நாற்காலி மேல் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது.

நாற்காலிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. கை உடைந்த நாற்காலியைக் குப்பைக்கே கொடுத்துவிட்டார்கள். உட்கார இடமில்லாததால் வெளியே வருவதும் நின்றுபோனது. அக்கா சில நாள் கதவு கதவாகத் தட்டிப் பார்த்தார். "லைன்ல இருக்கீங்களா?" முன்னால் எப்போதோ ஒரு கதவு, இப்போது எல்லாக் கதவும். உள்ளேயிருந்து வந்த பதிலில் ஒரு அலுப்பு தெரிந்தது. சில கதவுகளில் பதிலே வராமல், இவர் மூச்சு நின்று தவித்தபிறகு, போனில் பேசிக்கிட்டிருந்தேன் என்றார்கள்.

டீச்சரம்மாதான் ஒரு நாள் கதவைத் திறந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. தினம் காலையில நீங்க தட்டும்போது, செத்துட்டியான்னு கேக்கற மாதிரி இருக்கு. நாற்காலி இருந்தப்ப அப்படித் தோணல. இனிமே தட்ட வேண்டாம்."

அக்கா தலையாட்டினார். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. டீச்சரம்மா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்று அவருக்கே பட்டது.

செக்ரட்டரி வேறொரு ஏற்பாடு செய்து கொடுத்தான். எல்லோர் போனையும் ஒரு குழுவில் சேர்த்துவிட்டான். காலையில் எழுந்ததும் ஒரு வணக்கம் போட்டுவிட்டால் போதும், யாரும் யார் கதவையும் தட்ட வேண்டாம். நல்ல யோசனை என்று எல்லோரும் சொன்னார்கள். பாதிப் பேருக்குப் போடத் தெரியவில்லை. டீச்சரம்மாவின் பேரன் லீவுக்கு வந்தபோது, பாட்டி மறந்துபோகிறாளே என்று, தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூவோடு வணக்கம் தானாகவே போகும்படி அவர் போனில் செய்துவைத்துவிட்டுப் போனான். டீச்சரம்மா அதைப் பெருமையாக அக்காவிடம் காட்டினார். இனி அவர் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லையாம்.

"நீங்க இல்லாட்டியும் போகுமா?" என்று கேட்டார் அக்கா.

"ஆமாம், அதுபாட்டுக்குப் போகும்" என்றார் டீச்சரம்மா சிரித்துக்கொண்டே. அக்கா அந்த ரோஜாப்பூவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

கம்பவுண்டரின் நாற்காலியை யாரும் மேலே ஏற்றவில்லை. அந்தக் கனத்தை யார் தூக்குவது? அது மாடிப்படிக்கடியில் கிடக்கிறது. வாட்ச்மேன் அதில் உட்கார்ந்து தூங்குகிறார்.

எக்ஸ்சேஞ்ச் அக்கா இன்னமும் காலையில் பல் தேய்த்த கையோடு வெளியே வருகிறார். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. வராண்டாக் கட்டையைத் தட்டிக்கொண்டு அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்புகிறார். எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஆள் இருக்கலாம். கேட்க அவருக்கு இப்போது உரிமையில்லை. தன் வாசலுக்கு வந்தால், வேறு யாரும் வெளியே போடாத நாற்காலி ஒன்று மட்டும் நிற்கும். அவருடையதுதான், வெளுத்துப்போன பிளாஸ்டிக். செக்ரட்டரி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல விட்டிருந்தான். தட்டுகிற ஆள் அவர். அவர் நாற்காலியைத் தட்ட முன்பும் யாரும் இருந்ததில்லை. அதை அவர் இத்தனை வருஷத்தில் யோசித்ததே இல்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம், கீழ் வீட்டுக் கைக்குழந்தையின் அம்மா மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போகிற வழியில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரோடு இரண்டு வார்த்தை பேசினாள். குழந்தை இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறது என்றாள். அக்கா அதன் கன்னத்தைத் தொட்டு, நல்லாத் தூங்கட்டும் என்றார். அவள் ஒரு கையால் கூடையைச் சமாளித்துக்கொண்டு நாற்காலியைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. அவள் போனதும் அக்கா அந்த நாற்காலியைத் தூக்கினார். இழுக்கவில்லை. முட்டி சுருக்கென்றது. உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

கதவைச் சாத்தினார். மேல் தாழ்ப்பாளைப் போட்டார், கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டார், கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பழக்கப்படி திரும்பி வந்து, மறுபடியும் இழுத்துப் பார்க்கக் கையை வைத்தவர் அப்படியே நின்றார். தச்சர் கடப்பாரையால் நெம்பிக்கொண்டு சலித்தது நினைவுக்கு வந்தது. வெளியே யாரும் நடக்கிற சத்தமில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து கீழ்த் தாழ்ப்பாளை விலக்கினார். எக்கி மேல் தாழ்ப்பாளையும் விலக்கினார். கதவைச் சும்மா சாத்திவைத்துவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டார்.